டர்பைன் இல்லாத கூடம்

நவம்பர் 13, புதன்: அம்பத்தூர்

மழை விடவில்லை. தொழிற்பேட்டையின் எஸ்டேட் சாலையில் கணுக்கால் மறையும் அளவுக்குத் தண்ணீர். திருமங்கலம் மெட்ரோ வரை வர ஆட்டோக்காரர் 400 ரூபாய் கேட்டார். வழக்கமாக இதில் பாதிகூட ஆகாது. ஆனால் அவர் வண்டிக்குள்ளேயே தண்ணீர் அலையடித்ததால் பேரம் பேச மனம் வரவில்லை.

எதற்கு ஜெர்மனி என்று கேட்டவர்களிடமெல்லாம் ‘அக்கா வீட்டுக்கு’ என்று சொல்லி வைத்திருந்தேன். பெரியம்மா மகள் பெர்லினில் இருக்கிறாள். ஆக, அது பொய்யும் இல்லை. உண்மையான காரணம் வெள்ளிக்கிழமை இரவு. மூடிப்போன மின் நிலையம் ஒன்றில் இண்டஸ்ட்ரியல் இசைக் கச்சேரி. கல்லூரி விடுதியில் ஒரு சீனியர் கொடுத்த எம்பி3 சிடியில் தொடங்கிய பைத்தியம் இது. இத்தனை வருடங்களில் ஒரு நிகழ்ச்சியைக்கூட நேரில் பார்த்ததில்லை. சென்னைக்கு இவர்கள் வருவதில்லை. வந்தாலும் எந்தச் சபாவில் இடம் கொடுப்பார்கள்?

இந்த இசை பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம்: இரும்புத் தகடு, சங்கிலி, துளைபோடும் இயந்திரம், மோட்டார், வெட்டி ஒட்டிய ஒலிநாடா, நடுநடுவே மனிதக் கூச்சல். 1976இல் லண்டனில் த்ராபிங் கிரிஸில் என்ற நால்வர் குழு ‘இண்டஸ்ட்ரியல் ரெகார்ட்ஸ்’ என்று சொந்தமாக ஒரு இசைத்தட்டு நிறுவனம் தொடங்கியதிலிருந்து அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. உருக்காலை நகரமான ஷெஃபீல்டில் கேபரே வால்டேர், மேற்கு பெர்லினில் 1980இல் ஐன்ஸ்டூர்ட்செண்டே நொய்பவுட்டன், லண்டனில் பழைய இரும்பைத் தட்டிய டெஸ்ட் டிபார்ட்மென்ட் என்று மற்ற குழுக்கள். இந்தக் கடைசிக் கூட்டத்தார் மீது எனக்குத் தனி மரியாதை. 1984இல் பிரிட்டனில் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, தெற்கு வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்களின் பாடகர் குழுவோடு சேர்ந்து இசைத்தட்டே வெளியிட்டவர்கள் அவர்கள்.

“அம்பத்தூர்க்காரனுக்கு இதில் என்னடா புதுசு?” என்று அப்பா கேட்டார். முப்பது வருடங்களுக்கு மேல், உலோகத் தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் முன்னால் நின்றவர். வலது காது அநேகமாகப் போய்விட்டது, இடது காதில் பாதி மிச்சம். பதிலைச் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்திருக்கும். பெரியம்மாவும் பக்கத்தில் இருந்ததால் சொல்லவில்லை.

நவம்பர் 14, வியாழன்: பெர்லின்

பெட்டி வரவில்லை. விமானம் மாறிய ஊரிலேயே அது தங்கிவிட்டது. எந்த விமான நிறுவனம் என்று எழுதி என்ன ஆகப்போகிறது? கவுண்டரில் இருந்த பெண் மிகுந்த கனிவோடு, “உங்கள் பெட்டி எங்கே இருக்கிறது என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும்” என்றார். பெட்டி தொலையவில்லை, நான்தான் அதைவிட்டுத் தள்ளி இருக்கிறேன் என்று அவர் விளக்கிய விதத்தில் எனக்குக் கோபம் வரவில்லை. பல் துலக்கும் பிரஷ், சின்ன பேஸ்ட், ஒரு வெள்ளை பனியன் அடங்கிய பை ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்.

பெட்டிக்குள் இருந்தவை: கச்சேரிக்கென்று எடுத்து வைத்த கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, கனமான கறுப்பு பூட்ஸ், ஸ்வெட்டர். மீதி இடமெல்லாம் அக்காவுக்கு: புளி, மிளகாய்த்தூள், அப்பளம், வெங்காய வடகம், பெரியம்மா போட்ட நார்த்தங்காய் ஊறுகாய். வாசலில் என்னைப் பார்த்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி, “வடகமும் அதிலேயா இருக்கிறது?” என்பதுதான்.

மாலை நான்கேகாலுக்கே இருட்டிவிட்டது. வெளியே 6 டிகிரி. மழை பெய்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. காற்றே ஈரமாக இருந்தது. நம் ஊர் மழைக்கு ஒரு நேர்மை உண்டு, விழுந்தால் விழுந்தது என்று தெரியும். மாமா தன்னுடைய உபரி ஜெர்கின் ஒன்றைக் கொடுத்தார். சைக்கிளில் அலுவலகம் போவதற்காக வாங்கியது. பளீர் ஆரஞ்சு நிறம். மார்பிலும் முதுகிலும் வெளிச்சம் பட்டால் மின்னும் வெள்ளிப் பட்டைகள். வீட்டில் என் அளவுக்கு அது ஒன்றுதான் இருந்தது.

இரவு மிளகு ரசமும் உருளைக்கிழங்கு வறுவலும். ரசத்துக்குப் புளி குறைவு. காரணம் எல்லோருக்கும் தெரியும்.

நவம்பர் 15, வெள்ளி: பெர்லின், ஃப்ரீடெனாவ்

காலையில் தனியாகக் கிளம்பினேன். ரயில் டிக்கெட் அப்போது ஒரு வழிக்கு மூன்றரை யூரோ. யூரோவுக்குத் தொண்ணூறு ரூபாய் என்று மனசு பெருக்கிக்கொண்டே இருந்தது. “முதல் மாதம் பெருக்குவாய், அப்புறம் விட்டுவிடுவாய்” என்று அக்கா சொல்லியிருந்தாள். நான் ஒரு மாதம் இருக்கப்போவதில்லையே. அதனால் கடைசி வரை பெருக்கினேன்.

ஃப்ரீடெனாவ் அமைதியான குடியிருப்புப் பகுதி. ரொட்டிக்கடை, மருந்துக்கடை, நாயோடு நடக்கும் முதியவர்கள். சுற்றுலாப் பயணி யாரும் இங்கே வருவதில்லை. 1980 ஜூன் மாதம், தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்த நொய்பவுட்டன் குழுவின் இருவர் இந்தப் பகுதியில் நகர நெடுஞ்சாலைப் பாலத்தின் உள்கூட்டுக்குள் புகுந்து, பாலத்தின் இரும்பையே தட்டிப் பதிவு செய்தார்கள். நிமிர்ந்து நிற்கக்கூட முடியாத இடம். மேலே கார்கள் ஓட, கீழே ஒரு கேசட் ரெகார்டர். அவர்களில் ஒருவர் கையில் காசில்லாமல் டிரம்ஸை விற்றுவிட்டு, பழைய இரும்பைப் பொறுக்கித் தானே ஒரு வாத்தியம் செய்துகொண்டவர். பின்னாளில் உலகமே வியந்த அந்த ஓசை பணமுடையில் பிறந்தது. இந்தக் கதையைப் படித்த நாளிலிருந்து எனக்கு அவர்கள் மேல் தீராத பிரியம்.

பாலத்தடியில் போய் நின்றேன். தலைக்கு மேல் டயர்கள் இணைப்புகளைத் தாண்டும் சத்தம், இரண்டிரண்டாக. டட்டக், டட்டக். கீழே நிறுத்தியிருந்த சைக்கிள்களைத் தவிர பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. கால் மணி நேரம் நின்றேன். நாயோடு வந்த ஒரு பெரியவர் என் ஆரஞ்சு ஜெர்கினைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். எனக்கு ஜெர்மன் தெரியாது என்று புரிந்ததும் ஆங்கிலத்துக்கு மாறி, “பாலத்தில் ஏதாவது பிரச்சினையா?” என்றார். நெடுஞ்சாலைத் துறை ஆள் என்று நினைத்திருக்கிறார். பாலம் நன்றாக இருக்கிறது என்று உறுதி கொடுத்து அனுப்பினேன்.

திரும்பும் வழியில் ஒரு சிக்னல். தெருவில் ஒரு வண்டி இல்லை, நடப்பவருக்குச் சிவப்பு விளக்கு. ஐந்தாறு பேர் அசையாமல் காத்திருந்தார்கள். நான் ஒரு காலை எடுத்து வைத்தேன். பேரக் குழந்தையோடு நின்ற பாட்டி தொண்டையைக் கனைத்தார். அவ்வளவுதான், கால் தானாகத் திரும்பிவிட்டது.

அதே நாள், இரவு: கோபெனிக்கர் தெரு

கச்சேரி நடக்கும் கட்டடத்தின் பெயர் கிராஃப்ட்வெர்க். ஜெர்மனில் அதற்கு மின் நிலையம் என்பதற்கு மேல் பொருள் ஒன்றும் இல்லை. கிழக்கு பெர்லினுக்கு மின்சாரமும் வெந்நீர்ச் சூடும் கொடுக்க 1960களின் தொடக்கத்தில், ஊரின் நடுவே சுவர் எழும்பிக்கொண்டிருந்த அதே காலத்தில் கட்டியது. பக்கத்திலேயே புதிய நிலையம் வந்ததும் 1997இல் இதை நிறுத்திவிட்டார்கள். 2007இல் ட்ரெஸர் என்ற டெக்னோ கிளப் இதற்குள் குடிவந்தது. அதை நடத்தும் டிமிட்ரி ஹெகமான் 1982இல் ஆட்டோனல் என்று ஒரு விழா தொடங்கியவர். நொய்பவுட்டன் அதில் வாசித்தார்கள். 1990இல் நின்றுபோன அந்த விழா 2013இல் இந்தக் கட்டடத்தில்தான் மறுபடி உயிர்பெற்றது. விழாவின் முழு டிக்கெட் என் கைக்கு எட்டாது. நான் போனது சாதாரண ஒரு வெள்ளிக்கிழமை இரவுக்கு. மூன்று குழுக்கள், 32 யூரோ.

வரிசையில் தள்ளுமுள்ளு இல்லை. ஆனால் வரிசை முழுவதும் கறுப்பு. கறுப்பு கோட்டு, கறுப்பு பூட்ஸ், கறுப்பு உதட்டுச்சாயம். நடுவில் ஆரஞ்சு ஜெர்கினில் நான். வெளிச்சம் திரும்பும்போதெல்லாம் என் வெள்ளிப் பட்டைகள் மின்னின. வாசலை அடைவதற்குள் மூன்று பேர் என்னிடம் கழிப்பறை எங்கே என்று கேட்டுவிட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை. வாசலில் கைப்பேசியின் கேமராக்கள் மேல் ஒரு வட்ட ஸ்டிக்கரை ஒட்டினார்கள். மேல் உடைகளைக் கொடுத்து வைக்க இரண்டரை யூரோ. உள்ளே சூடாக்கும் வசதி இல்லை என்றதும் கொடுக்கவில்லை. ஆரஞ்சோடு உள்ளே போனேன்.

பாரில் பணம் வாங்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் நிறையக் காதடைப்பான். மஞ்சள் நிற நுரைப்பஞ்சு. காசில்லை, எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் என் கையில் இரண்டை வைத்துவிட்டு, எப்படி உருட்டிச் செருக வேண்டும் என்று செய்தும் காட்டினார். இங்கே கச்சேரிகளுக்கு ஒரு தரக் கட்டுப்பாடு உண்டு: எந்த அரை மணி நேரத்தை எடுத்தாலும் சராசரி 99 டெசிபெலைத் தாண்டக் கூடாது. 95ஐத் தாண்டும் வாய்ப்பு இருந்தாலே காதடைப்பான் கொடுத்தாக வேண்டும்.

நம் தொழிற்சாலை விதிகளில் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபெல்தான் எல்லையாக இருந்தது. இரைச்சலால் காது கேளாமல் போவது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையிலேயே நோயாக இருந்தது. கண்டால் மருத்துவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. அப்பா வேலை பார்த்த பட்டறையில் பத்துக்கும் மேற்பட்ட பிரஸ்கள் ஒரே கூரையின் கீழ் ஓடின. பள்ளி விடுமுறையில் சாப்பாட்டுக் கூடை கொண்டுபோவேன். அங்கே யாரும் பேச மாட்டார்கள். விரலாலும் புருவத்தாலும் தகவல் போகும். காதில் பஞ்சு வைத்திருந்த ஒரே ஆள் முதலாளி. இரண்டு மணி நேரம் நின்று கேட்டுவிட்டுப் போகிறவனுக்கு இத்தனை கரிசனம். கையில் அந்த மஞ்சள் பஞ்சை வைத்துக்கொண்டு எனக்குக் கொஞ்ச நேரம் எரிச்சலாகத்தான் இருந்தது.

மேலே ஏறினால் கூடம். டர்பைன்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவை இருந்த இடத்தில் பெரிய வெறுமை. கான்கிரீட் தூண்கள் மேலே போய் இருட்டில் காணாமல் போகின்றன. பழைய எண்ணெய் வாசனை இன்னும் இருக்கிறது, அல்லது நான் எதிர்பார்த்ததால் வந்ததோ என்னவோ.

முதல் ஆள் ஒரு மடிக்கணினியின் முன் நாற்பது நிமிடம் குனிந்து நின்றார். ஒரே இரைச்சல், ஏற்றம் இறக்கம் இல்லை. பக்தியோடு கண்ணை மூடிக் கேட்டவர்கள் இருந்தார்கள். நான் மணியைப் பார்த்தேன். இரைச்சலுக்கும் ஒரு மனோதர்மம் வேண்டும், அது அவரிடம் இல்லை.

இரண்டாவதாக வந்தது ஓர் இணை. ஒரு பெண், ஓர் ஆண். மேடை என்று தனியாக இல்லை, தரையிலேயே சாமான்களைப் பரப்பியிருந்தார்கள்: எண்ணெய் டிரம் இரண்டு, கூரைத் தகடு ஒன்று, லாரி ஸ்பிரிங், நாலைந்து சிறிய மோட்டார்கள். ஒவ்வொன்றிலும் தொடு மைக் ஒட்டியிருந்தது. நம் ஊரில் வீணையில் ஒட்டுகிறார்களே, அதே சின்னத் தட்டுதான். அந்தப் பெண் ஸ்பிரிங்கை வயலின் வில்லால் இழுத்தார். கூடம் முழுவதும் ஒரு முனகல் எழுந்து போய்க் கூரையில் இடித்துத் திரும்பியது. தகட்டிலிருந்து வரும் மேற்சுரங்கள், அதாவது அடிச்சுரத்தோடு கூடவே ஒலிக்கும் உயர்ந்த சுரங்கள், அடிச்சுரத்தின் முழு மடங்காக இருப்பதில்லை, அதனால் எந்தத் தம்புராவோடும் அது சேராது. நம்மவர்கள் மிருதங்கத்தின் தோலில் கரணை என்ற கறுப்புப் பசையைப் பூசி, முரண்டுபிடிக்கும் மேற்சுரங்களைச் சுருதிக்குள் கொண்டுவந்தார்கள். அந்தச் சூட்சுமத்தை 1920இல் சி.வி. ராமன் எழுதியிருக்கிறார். இவர்கள் அப்படிப் பிடித்து வைத்ததை அவிழ்த்துவிடுகிறார்கள்.

பிறகு மோட்டார்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டார்கள். மோட்டாரின் அச்சில் வளைந்த கம்பி, கம்பி நுனியில் கட்டை. கட்டை டிரம்மில் விழுகிறது. இரண்டாவது மோட்டார் ஒரு மணியை அடித்தது. மூன்றாவது, இரண்டு தகடுகளை ஒன்றோடொன்று மோதவிட்டது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் தெருப் பிள்ளையார் கோவில் மணி மெஷின்! ஆரத்தி நேரத்தில் பூசாரி சுவிட்சைப் போட்டதும் முரசும் மணியும் ஜால்ராவும் தானாக முழங்குமே, அது. தட்டுவதற்கு ஆள் கிடைக்காத கோவில்களிலெல்லாம் அதுதான் இருக்கிறது. அந்த முழக்கத்தில் வளர்ந்தவன் 32 யூரோ கொடுத்து அதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் இவர்கள் ஒரு வேலை செய்தார்கள்: மோட்டார்களின் வேகத்தைத் துளித்துளியாக மாற்றினார்கள். ஒன்று நான்காக எண்ணும்போது மற்றொன்று ஏழாக எண்ணியது. மிஸ்ர சாபு! கை தானாகத் தொடையில் தாளம் போடத் தொடங்கியது. இரண்டும் வந்து சேரும் சமத்துக்காகக் காத்திருந்து, சேர்ந்த கணத்தில் வாய்விட்டு ‘சபாஷ்’ என்றேன். டிசம்பர் கச்சேரிக்கு வந்த மாம்பலத்துப் பெரியவர் போல நடந்துகொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. பக்கத்தில் நின்ற நெட்டையன் குனிந்து என் தொடையைக் கவனித்தான். பிறகு அவனும் அவன் தொடையில் முயன்றான். மூன்றாவது சுற்றில் தவறவிட்டான்.

மூன்றாவது குழுவைப் பற்றி அதிகம் இல்லை. இரவின் பெரிய பெயர் அவர்கள்தான். புகை, கண்ணைக் குத்தும் விளக்கு, விலா எலும்பு அதிரும் அடி ஒலி. முதல் இருபது நிமிடம் கால் தரையில் இல்லை. அதன் பிறகு அவர்கள் முடிக்க மனமில்லாமல் இழுத்தார்கள். கூட்டத்தின் நடத்தையை மட்டும் சொல்ல வேண்டும்: ஒருவரும் பேசவில்லை. நடுவில் எழுந்து கேன்டீனுக்குப் போகும் நம் தனி ஆவர்த்தன வழக்கம் இங்கே கிடையாது. குள்ளமான ஒரு பெண் பின்னால் வந்து நின்றதும், முன்னால் இருந்த நான்கு பேர் சொல்லாமலே விலகி வழிவிட்டார்கள்.

முடிந்ததும், இசைத்தட்டு விற்கும் மேசைக்கு அந்த இரண்டாவது குழுப் பெண்ணே வந்து நின்றார். போலந்துக்காரர், வூட்ஜ் நகரம். ஒரு காலத்தில் பஞ்சாலைகளால் வாழ்ந்த ஊர். “எங்கள் ஊரின் பெரிய ஆலை இப்போது ஷாப்பிங் மால்” என்றார். 1996இல் மூடிய பெரம்பூர் பின்னி மில்லைப் பற்றி நான் சொன்னேன்: அதற்குள் வருடக்கணக்கில் சினிமாவுக்குச் சண்டைக் காட்சி எடுத்தார்கள், பிறகு அடுக்குமாடிகள் வந்தன. “கச்சேரி நடத்தவில்லையா?” என்று கேட்டார். இல்லை. எங்களுக்கு மூடிய ஆலையைப் பார்த்தால் ஏக்கம் வருவதில்லை, பாக்கிச் சம்பளம்தான் ஞாபகம் வரும் என்றேன். அவர் அதை மறுக்கவில்லை. தன் பாட்டியும் தறியில் நின்றவர்தான், காது கேட்காது என்றார்.

பிறகு ஸ்டிக்கரைப் பிரித்துக் கைப்பேசியை எடுத்தேன். விநாயகர் சதுர்த்தியன்று எடுத்த வீடியோவில் மணி மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கைப்பேசியைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்டார். தன் கூட்டாளியைக் கூப்பிட்டார். அவரும் கேட்டார். யார் அமைத்த இசை என்றார்கள். மோட்டார் என்றேன். எத்தனை மோட்டார்? ஒன்றே ஒன்று, மீதியெல்லாம் பெல்ட்டும் நெம்புகோலும். “ஒன்றே ஒன்றா!” என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பக்தர்களின் பேச்சு கலக்காமல், பத்து நிமிடம் தனியாகப் பதிவு செய்து அனுப்ப முடியுமா என்று கேட்டு மின்னஞ்சல் முகவரி எழுதிக் கொடுத்தார். இசைத்தட்டுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். வீட்டில் இசைத்தட்டை ஓட்டும் கருவி இல்லை என்பதை நான் சொல்லவில்லை.

வெளியே வரும்போது இரண்டரை மணி. வார இறுதியில் சுரங்க ரயில் இரவு முழுவதும் ஓடுகிறது. எதிர் இருக்கையில் ஒருவர் காலி பாட்டில்கள் நிறைந்த பையோடு தூங்கிக்கொண்டிருந்தார். இங்கே பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் பிளாஸ்டிக்குக்கு 25 சென்ட், பீர் பாட்டிலுக்கு 8 சென்ட் கிடைக்கும். அதைப் பொறுக்கிப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். ரயிலில் ஏறிய பையன்கள் தங்கள் பாட்டில்களை அவரை எழுப்பாமல் பைக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்துவிட்டு இறங்கினார்கள்.

நவம்பர் 16, சனி: க்ராய்ட்ஸ்பெர்க்

பதினொன்றரைக்கு எழுந்தேன். காதில் ரீங்காரம் எதுவும் இல்லை. மஞ்சள் பஞ்சுக்கு நன்றி.

அப்பாவோடு வீடியோவில் பேசினேன். நான் கத்தியதில் அக்கா சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். கச்சேரி எப்படி என்றார். பிரஸ் ஷாப் சத்தமேதான், ஆனால் தாளத்தோடு என்றேன். “பிரஸ்ஸுக்குத் தாளம் இல்லை என்று யார் சொன்னது? தாளம் தப்பினால் விரல் போய்விடும்” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, “எனக்குக் காசு கொடுத்துக் கேட்க வைத்தார்கள். நீ காசு கொடுத்துக் கேட்டுவிட்டு வருகிறாய்” என்று சொல்லிவிட்டு, மழைத் தண்ணீர் வடிந்த விவரத்துக்குப் போய்விட்டார்.

மத்தியானம் ஒரானியன் தெரு. பழைய பங்க் கூடமான எஸ்ஓ 36 இன்னும் அங்கே இருக்கிறது. முதல் ஆட்டோனல் நடந்தது இங்கேதான். பகலில் மூடிய கதவும் சுவரொட்டிகளும்தான் தெரிகின்றன. பக்கத்துத் துருக்கிக் கடையில் காய்கறி கபாப் ஏழு யூரோ. வறுத்த கத்திரிக்காய், உருளை, மேலே எலுமிச்சை பிழிந்து வெள்ளைப் பாலாடைக்கட்டி தூவியது. பெருக்கிப் பார்த்தால் 630 ரூபாய். இரண்டு கையாலும் பிடித்துச் சாப்பிட வேண்டிய அளவு. கடைக்காரர் என் ஜெர்கினைப் பார்த்து “இன்றைக்கும் வேலையா?” என்று விசாரித்து, ஒரு டீ இலவசமாகக் கொடுத்தார். உழைப்பாளி என்று நினைத்துக் கொடுத்த டீயை மறுப்பது மரியாதை இல்லை. குடித்தேன்.

நவம்பர் 17, ஞாயிறு: பிரிட்ஸ்

காலையில் அக்காவிடம் சட்னி அரைக்கட்டுமா என்றேன். பதறிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மிக்சி கூடாது. பெர்லினில் இரவு பத்து முதல் காலை ஆறு வரையும், ஞாயிறு முழுவதும் பிறருக்குத் தொந்தரவாகும்படி வீட்டில் சத்தம் எழுப்பக் கூடாது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. கண்ணாடிப் பாட்டிலைக் குப்பைத் தொட்டியில் போடுவதுகூடத் திங்களன்றுதான். குடிவந்த புதிதில் ஓர் இரவு கிரைண்டரில் இட்லி மாவு ஆட்டியதற்கு, கீழ் வீட்டுக்காரர் கதவில் ஒரு கடிதம் ஒட்டியிருந்தாராம். மிகவும் நாகரிகமான கடிதம். ‘நீங்கள் என்ன தயாரிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் பகலில் தயாரிக்க முடியுமா?’ மாமா அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்.

உலகத்தின் இரைச்சலையெல்லாம் கலையாக்கிய ஊரில் தேங்காய்ச் சட்னிக்குத் தடை. பொடியும் எண்ணெயும் வைத்து இட்லி சாப்பிட்டோம்.

பிறகு பிரிட்ஸில் இருக்கும் மயூரபதி முருகன் கோவில். ஈழத்தமிழர்கள் கட்டியது. சுரங்க ரயிலின் ஏழாம் எண் தடத்தில் பிளாஷ்கோ அலே நிறுத்தம். வாசலில் நூற்றுக்கணக்கான பூட்ஸ்களும் குளிர்கோட்டுகளும். உள்ளே வேட்டி, பட்டுச்சேலை, விபூதி மணம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா என்னைக் கீழிருந்து மேலே பார்த்து, “தம்பி எவ்விடம்?” என்றார். சென்னை என்றேன். “இந்தக் குளிருக்கு இந்தச் சட்டை காணாதே” என்று கவலைப்பட்டு, அன்னதானத்தில் எனக்கு இரண்டாம் தடவை பருப்பு ஊற்றச் சொன்னார். என்ன விஷயமாக வந்தேன் என்று கேட்டதற்கு, பாட்டுக் கச்சேரி கேட்க என்றேன். யாருடைய கச்சேரி என்றார். அக்கா முந்திக்கொண்டு, “வாத்தியக் கச்சேரி” என்று முடித்துவிட்டாள்.

நவம்பர் 18, திங்கள்

காலை எட்டு மணிக்கு வாசல் மணி. பெட்டி வந்துவிட்டது. எனக்கு விமானம் மத்தியானம். ஊறுகாய்ப் பாட்டில் மூடி தளர்ந்து, நல்லெண்ணெய் கறுப்புச் சட்டை முழுவதும் பரவியிருந்தது. வடகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்கா அதைத் தன் பக்கம் எடுத்துக்கொண்ட பிறகுதான் என் சட்டையைப் பற்றி விசாரித்தாள்.

நவம்பர் 21, வியாழன்: அம்பத்தூர்

தண்ணீர் வடிந்துவிட்டது, சேறு இருக்கிறது. போலந்துப் பெண்ணிடமிருந்து நேற்றே மின்னஞ்சல். பதிவை மறந்துவிட வேண்டாம் என்றும், அந்த மெஷினில் இடையிடையே ‘கீ...ச்’ என்று ஒரு சத்தம் வருகிறதே, அதுதான் மிகவும் முக்கியம் என்றும் எழுதியிருந்தார்.

மாலையில் அப்பாவையும் அழைத்துக்கொண்டு கோவிலுக்குப் போனேன். பூசை முடிந்து கூட்டம் கலையும் வரை காத்திருந்து, பூசாரியிடம் விஷயத்தைச் சொன்னேன். ஜெர்மனியில் ஒரு கச்சேரிக்காரர்கள் நம் மணி மெஷின் சத்தத்தைக் கேட்கிறார்கள், பத்து நிமிடம் தனியாக ஓடவிட முடியுமா?

பூசாரிக்கு ஒரே சந்தோஷம். “தாராளமாக. நாளைக்கு வாருங்கள். மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பெல்ட்டை மாற்றி, கிரீஸ் வைத்து, சத்தத்தைச் சுத்தமாக்கி வைக்கிறேன்.”

“ஐயோ, வேண்டாம் சாமி. அந்தக் கீச்சுச் சத்தம்தான் அவர்களுக்கு வேண்டுமாம்.”

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார், அப்பாவை ஒரு தடவை பார்த்தார். “அந்தக் கீச்சுக்காகத்தான் போன மாதம் தர்மகர்த்தா என்னை எல்லோர் முன்னாலும் திட்டினார்” என்றார். “அவர் வரும்போது நீங்களே வந்து சொல்லுங்கள்.”

அப்பா இதற்குள் மெஷினிடம் போய், உறையைத் திறந்து, அச்சின் மேல் விரல்களை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “பெல்ட் இல்லை, அச்சைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது” என்று உரக்க அறிவித்தார். “சுவிட்சைப் போடுங்கள், காட்டுகிறேன்.”

பூசாரி சுவிட்சைப் போட்டார். நான் கைப்பேசியை எடுப்பதற்குள் மின்சாரம் போய்விட்டது.